எண் முக்கோணமும் நமது உரிமைகோரலும்

உச்சியில் ஒன்று. அதன் கீழே ஒன்றும் ஒன்றும். அதற்கும் கீழே 1, 2, 1. பின்னர் 1, 3, 3, 1. அதன்பின் 1, 4, 6, 4, 1. இரு ஓரங்களிலும் ஒன்று நிற்க, இடையிலுள்ள ஒவ்வோர் எண்ணும் தனக்கு மேலேயுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக அமையும் இவ்வடுக்கை நம்மில் பலரும் பள்ளிப் பருவத்திலேயே கண்டிருப்போம். பாடநூல்கள் இதனைப் ‘பாஸ்கலின் முக்கோணம்’ என்கின்றன. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பிளேஸ் பாஸ்கல் 1654 இல் எழுதி, அவரது மறைவுக்குப் பின்னர் 1665 இல் அச்சேறிய சிறு நூலே இப்பெயருக்குக் காரணம். 1708 இல் மோன்மோரும் 1730 இல் தெ முவாவரும் தம் நூல்களில் அவ்வாறு குறித்தமையால் பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் ஈரானில் இதே அடுக்கு கய்யாமின் முக்கோணம். சீனத்தில் யாங் ஹுயியின் முக்கோணம். இத்தாலியில் தார்தாக்லியாவின் முக்கோணம். ஒவ்வொரு தேசமும் தன் மகனின் பெயரைச் சூட்டி மகிழ்ந்திருக்கிறது.

இந்தப் பெயர்ப் போட்டியில் நமது சமுதாய இதழ்களும் மேடைகளும் பின்தங்கவில்லை. ‘பாஸ்கலுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே முஸ்லிம்கள் இதனைக் கண்டறிந்துவிட்டனர்’ என்ற வாக்கியத்தை எத்தனையோ கட்டுரைகளில் படித்துவிட்டோம். செய்தியில் பிழையில்லை. குறை என்னவெனில், பெரும்பாலான கட்டுரைகள் அந்த வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த முக்கோணத்தை நம் முன்னோர் எதற்காக வரைந்தனர், அதைக் கொண்டு எதை எண்ணினர், எங்கே அவர்களது வாதம் வலுவாயிருந்தது, எங்கே முற்றுப்பெறாமல் நின்றது என்ற வினாக்கள் எழுப்பப்படுவதேயில்லை. உரிமை கோரப்படுகிறது, உடைமை திறந்து பார்க்கப்படுவதில்லை. இவ்வழக்கத்தை, குறிப்பாக ஒரு நூலை முன்வைத்து, பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

எண்ணுதல் பற்றிய இக்கதை நமது மரபில் கணித அறிஞரிடமிருந்து தொடங்கவில்லை; மொழி அறிஞரிடமிருந்து தொடங்குகிறது. பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல்-ஃபராஹீதி ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அரபு யாப்பிலக்கணமான அரூள் கலையை வகுத்தவர். அரபு மொழியின் முதல் அகராதியான ‘கிதாபுல் ஐன்’ அவருடையது. அகராதி செய்ய முனைந்த அவர் முன் ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. மொழியின் எல்லாச் சொற்களையும் தொகுத்தாயிற்று, ஒன்றும் விடுபடவில்லை என்று எவ்வாறு உறுதி கூறுவது? கேட்ட சொற்களையெல்லாம் எழுதிக்கொண்டே போனால் அந்த உறுதி ஒருபோதும் கிடைக்காது. ஆகவே அவர் மறுமுனையிலிருந்து வந்தார். எழுத்துகள் சேரக்கூடிய எல்லா வகைகளையும் முதலில் வகுத்துக்கொண்டு, அவற்றுள் அரபிகள் பயன்படுத்தியவை எவை, பயன்படுத்தாதவை எவை என்று பிரித்தார். இரண்டெழுத்து வேர் இருவகையாய் மாறும், மூன்றெழுத்து வேர் ஆறு வகை, நான்கெழுத்து 24, ஐந்தெழுத்து 120.

இம்முறையில் கிடைக்கும் மொத்தத் தொகையாக 1,23,05,412 என்ற எண்ணை அவர் பெயரால் பிற்கால நூல்கள் தருகின்றன. இமாம் ஸுயூதியின் ‘அல்-முஸ்ஹிர்’ அவற்றுள் ஒன்று. இதைச் சரிபார்ப்பது கடினமன்று. எழுத்துகள் 28. அவற்றுள் இரண்டைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 378. மூன்றை எடுக்கும் வழிகள் 3,276. நான்கை எடுக்க 20,475. ஐந்தை எடுக்க 98,280. ஒவ்வொன்றையும் முறையே 2, 6, 24, 120 ஆல் பெருக்கினால் 756, 19,656, 4,91,400, 1,17,93,600. நான்கையும் கூட்டினால் மேற்கண்ட தொகை இம்மி பிசகாமல் வருகிறது. 378, 3,276, 20,475, 98,280 என்ற இவ்வெண்கள் நாம் பேசும் முக்கோணத்தில் 28 ஆம் எண்ணுக்குரிய வரிசையில் நிற்பவை.

இதைக் கொண்டு, ‘கலீல் முக்கோணத்தைக் கண்டறிந்தார்’ என்று எழுதிவிடலாமா? கூடாது. அவர் முக்கோணம் எதையும் வரைந்ததாகச் சான்றில்லை. 28 ஐ 27 ஆலும், அதை 26 ஆலும் பெருக்கிக்கொண்டே போனாலும் இதே தொகை கிடைத்துவிடும். விடை ஒன்றாயிருப்பது வழியும் ஒன்றாயிருந்ததற்குச் சான்றாகாது. அவர் விட்டுச்சென்றது ஒரு வினா: மொழியில் சாத்தியமானவற்றின் எல்லை எது? அந்த வினாவுக்கு முறையான விடை கிடைக்க ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின.

2

முக்கோணம் நமது மரபில் தெளிவாகத் தோன்றுவது பக்தாதில், வேறொரு தேவையின் பொருட்டு. அல்-கரஜீ பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த இயற்கணித அறிஞர். இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையை இருபடி, முப்படி, நாற்படி என்று உயர்த்தும்போது வரும் கெழுக்களை அவர் அட்டவணையாக்கினார். இங்கே எண்ணப்படுவது சொல்லுமன்று, பொருளுமன்று. பெருக்கலின் உறுப்புகளே எண்ணப்படுகின்றன. உயர்படி மூலங்களைக் காண்பதற்கும் இக்கெழுக்கள் பயன்பட்டன.

ஆனால் அல்-கரஜீயின் அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வாறாயின் அவர் இதைச் செய்தார் என்று எப்படி அறிகிறோம்? ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின் அஸ்-ஸமவ்அல் என்ற இளைஞர் தமது ‘அல்-பாஹிர்’ என்ற நூலில் பன்னிரண்டாம் படி வரையில் அவ்வட்டவணையை வரைந்து, இது கரஜீயினுடையது என்று பெயர் சொல்லி எழுதிவைத்தார். அந்த ஒரு வரியால்தான் கரஜீயின் கண்டுபிடிப்பு இன்று கரஜீயினுடையதாக இருக்கிறது. ஸமவ்அல் பக்தாதின் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தமது பத்தொன்பதாம் வயதில் இந்நூலை எழுதியவர். இஸ்லாத்தைத் தழுவியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1163 இல். ஆக, முஸ்லிம் அறிஞர் ஒருவரின் இழந்த நூலை நமக்குக் காப்பாற்றித் தந்தது யூத இளைஞர் ஒருவரின் நேர்மை. 1972 இல் ஸலாஹ் அஹ்மதும் ருஷ்தீ ராஷிதும் ‘அல்-பாஹிர்’ நூலை டமஸ்கஸில் பதிப்பித்தபோதுதான் நவீன ஆய்வுலகம் இதனை முழுமையாக அறிந்தது.

உமர் கய்யாமின் நிலையும் சிந்திக்கத்தக்கது. முக்கோணத்துக்கு ஈரானியர் அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். ஆனால் அவர் அதைப் பற்றி எழுதியிருக்கக்கூடிய நூல் கிடைக்கவில்லை. தமது இயற்கணித நூலில் அவர் சொல்வது இவ்வளவே: வர்க்கமூலமும் கனமூலமும் காணும் முறைகள் இந்தியரிடம் உள்ளன, அவை சரியானவை என்று நிறுவியும், மேலும் உயர்ந்த படிகளுக்கு விரிவாக்கியும் தாம் ஒரு நூல் செய்திருப்பதாகக் குறிப்பிடுகிறார். எது பிறருடையது, எது தம்முடையது என்று கோடு கிழித்துக் காட்டிவிட்டே தமது பங்கைச் சொல்கிறார்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடருக்கு, இஸ்னாதுக்கு, நாம் தரும் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. அந்த ஒழுக்கம் கணிதத்துக்குள்ளும் ஊடுருவியிருந்ததற்கு ஸமவ்அலும் கய்யாமும் சாட்சிகள். ஆனால் அவர்களைப் புகழ்ந்து இன்று நாம் எழுதும் கட்டுரைகளிலோ யாரிடமிருந்து எது வந்தது என்ற தொடரே அறுந்துகிடக்கிறது. ‘முஸ்லிம்கள் கண்டறிந்தனர்’ என்ற பன்மைக்குள் கரஜீ, ஸமவ்அல், கய்யாம் மூவரும் கரைந்துபோகின்றனர்.

3

இப்போது நாம் முன்வைக்க விரும்பும் நூலுக்கு வருவோம். அதன் பெயர் ‘ஃபிக்ஹுல் ஹிஸாப்’. ஆசிரியர் அஹ்மத் இப்னு இப்ராஹீம் இப்னு முன்இம் அல்-அப்தரீ. ஸ்பெயினின் கீழ்க்கரையிலுள்ள தானியாவில் பிறந்து, முவஹ்ஹித்களின் தலைநகரான மர்ராகுஷில் வாழ்ந்து, ஹிஜ்ரி 626 இல், அதாவது கி.பி. 1228 இல் மறைந்தவர். மருத்துவமும் கற்றவர். இந்நூலின் பதினோராம் பகுதியின் பொருள், மனிதன் பேசும் எச்சொல்லும் இவற்றுள் ஒன்றாகவே அமையும் என்னும்படியான சொற்களை எண்ணுதல். கலீலின் பழைய வினாவேதான் இது. அல்ஜீரிய ஆய்வாளர் அஹ்மத் ஜப்பார் 1980 களில் இப்பகுதியை விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே அதன் முக்கியத்துவம் உணரப்பட்டது.

சொற்களை எண்ணப் புகுந்த இப்னு முன்இம் முதலில் சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பட்டுக் குஞ்சங்களைக் கையில் எடுக்கிறார். பத்து நிறப் பட்டு நூல்கள் உள்ளன. அவற்றைக் கொண்டு குஞ்சங்கள் கட்ட வேண்டும். ஒரே நிறத்தாலான குஞ்சங்கள் எத்தனை? இரு நிறத்தாலானவை எத்தனை? மூன்று நிறத்தாலானவை? இவ்வாறு பத்து வரையில்.

அவர் வாதம் செல்லும் முறையைப் பார்ப்போம். ஒரு நிறக் குஞ்சங்கள் பத்து. இரு நிறத்துக்கு வருகையில், இரண்டாம் நிறம் தனக்கு முந்திய ஒன்றோடு சேரும், மூன்றாம் நிறம் முந்திய இரண்டோடு, நான்காவது முந்திய மூன்றோடு, பத்தாவது ஒன்பதோடு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45. மூன்று நிறத்துக்கு, மூன்றாம் நிறம் முந்திய இரண்டாலான ஒரே இணையோடு சேரும்; நான்காம் நிறம் முந்திய மூன்றாலான மூன்று இணைகளோடு; ஐந்தாம் நிறம் ஆறு இணைகளோடு; பத்தாம் நிறம் 36 இணைகளோடு. 1, 3, 6, 10, 15, 21, 28, 36 ஆகியவற்றைக் கூட்டினால் 120. முந்திய படியில் கண்ட கூட்டுத்தொகைகளே அடுத்த படிக்குச் சரக்காகின்றன. இவற்றை வரிசையாக எழுதும்போது முக்கோணம் தானே உருவாகிவிடுகிறது. அதன் இறுதி வரிசை 10, 45, 120, 210, 252, 210, 120, 45, 10, 1. மொத்தம் 1,023 குஞ்சங்கள்.

அதன்பின்னரே அவர் எழுத்துகளுக்குத் திரும்புகிறார். நிறங்களின் இடத்தில் எழுத்துகள் வருகின்றன. எழுத்துகள் இடம்மாறும் வகைகள், ஓரெழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரும்போது ஏற்படும் குறைவு, உயிர்க்குறிகளும் ஸுகூனும் சேர்வதால் ஏற்படும் பெருக்கம் என ஒன்றன் மேல் ஒன்றாகக் கணக்கை அடுக்கிச் செல்கிறார். எழுத்து திரும்ப வருதலுக்கு நாமே ஓர் உதாரணம் காண்போம். சங்கிலித் தொடரைக் குறிக்கும் ‘ஸில்ஸிலா’ என்ற சொல்லின் வேரெழுத்துகள் ஸீன், லாம், ஸீன், லாம். நான்கும் வெவ்வேறு எழுத்துகளாயின் 24 வகையாய் மாறும். இரண்டு ஸீன்கள் தமக்குள் இடம்மாறுவது கண்ணுக்குத் தெரியாது, லாம்களும் அவ்வாறே. ஆகவே எஞ்சுவது 6. நான்கு இடங்களில் ஸீனுக்குரிய இரண்டைத் தெரிந்தெடுக்கும் வழிகளும் அதே 6. முக்கோணத்தின் 1, 4, 6, 4, 1 வரிசையில் நடுவே நிற்கும் எண்.

இந்நூலின் சிறப்பு எங்கே இருக்கிறது? கரஜீ முக்கோணத்தைக் கண்டு இரு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன; எனவே முதன்மை இப்னு முன்இமுடையதன்று. அவரது தனிச்சிறப்பு, எண்ணுவதையே ஒரு துறையாகக் கண்டதில் இருக்கிறது. பட்டும் எழுத்தும் வெவ்வேறு பொருள்கள். ஆனால் ‘இத்தனையிலிருந்து இத்தனையைத் தெரிந்தெடுத்தல்’ என்ற வினா இரண்டுக்கும் பொது என்று அவர் உணர்ந்தார். குஞ்சங்களின் அத்தியாயம் சொற்களின் அத்தியாயத்துக்கு முன்னே நிற்பதற்கு வேறு காரணமில்லை. நூலுக்கு அவர் இட்ட பெயரும் இதையே சொல்கிறது. ஃபிக்ஹு என்பதன் மூலப்பொருள் ஆழ்ந்து விளங்குதல். விதிகளை மனனம் செய்வது கணக்கு. விதி ஏன் அவ்வாறு அமைகிறது என்று விளங்குவது கணக்கின் ஃபிக்ஹு.

குறையும் உண்டு, அதை மறைப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. இப்னு முன்இம் எப்போதும் குறிப்பிட்ட எண்களோடே பேசுகிறார்: பத்து நிறங்கள், 28 எழுத்துகள். எந்த எண்ணுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை வாசகரே அனுமானித்துக்கொள்ள வேண்டும். வாதத்தின் உள்ளோட்டம் பொதுவானதுதான்; ஆனால் அதைப் பொதுவானதாகக் கூறி நிறுவும் வாக்கியம் இல்லை. அந்த இடத்தில்தான் பாஸ்கலின் உரிமை தொடங்குகிறது. முதல் வரிசையில் உண்மை, ஒரு வரிசையில் உண்மையாயின் அடுத்ததிலும் உண்மை, ஆகவே எல்லாவற்றிலும் உண்மை என்ற தொகுத்தறி முறையை அவர் வெளிப்படையாக எழுதிக் காட்டினார். அத்துடன் உருவ எண்கள், சேர்மானங்கள், ஈருறுப்பின் படிகள், பாதியில் நின்ற சூதாட்டத்தின் பணயத்தைப் பங்கிடுதல் ஆகிய நான்கையும் ஒரே நூலுக்குள் கோத்தார். ‘அவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்’ என்று சில மேடைகளில் சொல்லப்படுவதற்குச் சான்று இல்லை. சான்றில்லாத குற்றச்சாட்டு நமது ஒழுக்கத்துக்கு உகந்ததுமன்று.

இப்னு முன்இமுக்குப் பின் அதே மர்ராகுஷில் இப்னுல் பன்னா (1256–1321) ஒரு படி முன்னே சென்றார். முக்கோணத்தை வரையாமலேயே அதன் எண்ணைப் பெறும் வழியை ‘ரஃப்உல் ஹிஜாப்’ நூலில் தந்தார். 28 எழுத்துகளில் இரண்டைத் தெரிய, 28 ஐ 27 ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 378. அதை 26 ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் 3,276. அதை 25 ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் 20,475. 27 வரிசைகளை எழுதிக் கூட்டும் உழைப்பு மூன்று பெருக்கல்களாகச் சுருங்கிவிட்டது.

4

முதன்மை பற்றிய பேச்சு எவ்வளவு வழுக்கலான தரை என்பதை இங்கேயே காணலாம். இப்னுல் பன்னாவின் இவ்விதியை ‘உலகில் முதன்முறையாக’ என்று எழுதிவிட எவருக்கும் ஆசை வரும். ஆனால் ஏறத்தாழ 850 இல், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், சமணக் கணிதரான மகாவீரர் தமது ‘கணித சார சங்கிரகம்’ நூலில் இவ்வகையான பொதுவிதியைத் தந்திருக்கிறார். முக்கோணமும் அவ்வாறே. பிங்கலரின் சந்த சாத்திரத்துக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் அதனை ‘மேரு பிரஸ்தாரம்’ என்ற பெயரால் விளக்குகிறார். குறிலும் நெடிலுமான அசைகள் சேர்ந்து எத்தனை சந்தங்கள் உண்டாகும் என்பதே அங்கே வினா. முக்கோணத்தைச் சாய்வாகக் கூட்டினால் வரும் 1, 1, 2, 3, 5, 8, 13 என்ற தொடர்வரிசையை மாத்திரைக் கணக்கின் வழியாக 1150 அளவில் ஹேமசந்திரர் குறித்தார். 1202 இல் அதை மேற்குக்கு அறிமுகம் செய்த பீசா நகரத்து ஃபிபொனாச்சியோ, சிறுவயதில் வட ஆப்பிரிக்காவின் பிஜாயா துறைமுகத்தில் கணக்குப் பயின்றவர்.

பஸராவில் யாப்பறிஞர், இந்தியாவில் யாப்பறிஞர். இருவரும் எண்ணத் தொடங்கியது மொழியின் ஓசையை. இந்த ஒற்றுமை அல்-பிரூனியின் கண்ணில் படாமலில்லை. 1030 அளவில் எழுதிய இந்தியா பற்றிய தமது நூலில், இந்திய யாப்பை அரபு அரூளோடு ஒப்பிட்டு விளக்குகிறார். இந்தியருக்கும் யாப்பு முறைகள் உண்டு என்பதைக் கலீல் கேள்விப்பட்டிருக்கக்கூடும் எனச் சிலர் எண்ணுவதையும் அவர் அங்கே பதிவு செய்கிறார். உறுதியாக ஆம் என்றும் கூறவில்லை. இல்லை என்று மறுக்கவுமில்லை. தமது மொழியின் பேரறிஞர் பிறரிடம் கடன்பட்டிருக்கலாம் என்ற சாத்தியம் அவரைச் சங்கடப்படுத்தவில்லை. நம்மைச் சங்கடப்படுத்துகிறது என்றால் மாறியிருப்பது எது என்று சிந்திக்க வேண்டும்.

5

எண்ணுதல் நம் முன்னோருக்கு வாழ்வோடு எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். இப்னுல் பன்னா தமது ‘தன்பீஹுல் அல்பாப்’ நூலில் எடுத்துக்கொண்ட பொருள்களுள், தவறிய தொழுகைகளை வரிசை தவறாமல் நிறைவேற்றுவதற்கான எண்ணிக்கையும் ஒன்று.

சிக்கல் இதுதான். ஒருவருக்கு வெவ்வேறு நாட்களில் ஒரு லுஹரும் ஓர் அஸரும் தவறிவிட்டன. எவை தவறின என்பது தெரியும். எது முந்தியது என்பது மறந்துவிட்டது. வரிசை பேணுதல் கடமையாயின் அவர் என்ன செய்வார்? லுஹர், அஸர், மீண்டும் லுஹர் என்று மூன்று தொழுதால், எது முந்தியிருந்தாலும் சரியான வரிசை அதற்குள் அடங்கிவிடும். தமிழகத்தின் ஷாஃபிஈ வாசகருக்கு இச்சிக்கல் எழாது. அம்மத்ஹபில் களாவில் வரிசை பேணுவது ஸுன்னத்தே. ஹனஃபீ மத்ஹபில் தவறியவை ஆறை எட்டாத வரையில் வரிசை பேணுதல் அவசியம். மாலிகீ மத்ஹபில் இது விரிவாகப் பேசப்பட்டது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்திய மாலிகீ சட்ட அறிஞர் கலீல் இப்னு இஸ்ஹாக் தமது ‘முக்தஸர்’ நூலில் தரும் எண்ணிக்கைகள்: இரண்டு தொழுகைக்கு 3, மூன்றுக்கு 7, நான்குக்கு 13, ஐந்துக்கு 21. அகராதி செய்த கலீலும் சட்டம் தொகுத்த கலீலும் ஒரே வகையான வினாவின் முன் நிற்கின்றனர்: எல்லாச் சாத்தியங்களும் அடங்கிவிட்டன என்று எவ்வாறு உறுதி கொள்வது?

3, 7, 13, 21 ஆகியவற்றை அடையும் வழி எளிது. நான்கு தொழுகைகளை ஒரே ஒழுங்கில் மூன்று சுற்றுத் தொழுது, இறுதியில் முதலாவதை மீண்டும் ஒருமுறை தொழுதால் 13. எந்த வரிசையும் இதற்குள் விட்டுவிட்டு அடங்கிவிடும். முற்றிலும் தலைகீழான வரிசைக்கு மட்டுமே அந்த இறுதித் தொழுகை தேவைப்படுகிறது. வேறொரு வழியும் உண்டு. முன்பு செய்ததைச் செய்து, புதிய தொழுகையைத் தொழுது, முன்பு செய்ததையே மறுபடியும் செய்வது. அவ்வழியில் 1, 3, 7, 15, 31 என்று வரும். இவை முக்கோணத்தின் வரிசைக் கூட்டுத்தொகைகளில் ஒன்று குறைந்தவை.

இவற்றினும் குறைவாக முடியுமா? நான்கு தொழுகைகளுக்கு 12 போதும். சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், சுபுஹு, லுஹர், அஸர், சுபுஹு, மஃரிப், லுஹர், சுபுஹு, அஸர். 24 வரிசைகளும் இதற்குள் அடங்கியிருப்பதை வாசகர் ஒரு தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஐந்துக்கு 21 தேவையில்லை, 19 போதும். இது ஃபத்வா அன்று, கணக்கு மட்டுமே. சட்ட அறிஞர்கள் தேடியது பாமரரும் நினைவில் வைத்துப் பின்பற்றக்கூடிய உறுதியான ஒழுங்கை. மிகச்சிறிய எண்ணை அன்று. சுற்று முறையை எவரும் மறக்கமாட்டார். மேற்கண்ட பன்னிரண்டைத் தாளில் எழுதிவைத்தாலன்றித் தொழ முடியாது.

இதே வினா இருபதாம் நூற்றாண்டில், தொழுகையோடு எத்தொடர்புமின்றி, கணினியியலாரிடையே எழுந்தது. 1973 இல் மால்கம் நியூவே, ஏழு பொருள்கள் வரையில் மிகக்குறைந்த எண்ணிக்கை 1, 3, 7, 12, 19, 28, 39 என்று காட்டினார். மூன்று முதல் ஏழு வரை இவ்வெண்கள் ஓர் எளிய சூத்திரத்துக்கு அடங்கின. எப்போதும் அடங்கும் என்றே தோன்றியது. 2011 இல் சாலினெஸ்கு, பத்து முதலாக அச்சூத்திரம் தருவதைவிட ஒன்று குறைவாகவே முடியும் என்று நிறுவினார். மறு ஆண்டில் ராதோமிரோவிச் மேலும் குறைத்தார். பொதுவான விடை இன்றளவும் கிடைக்கவில்லை.

மூன்று தொடர்வரிசைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: 1, 3, 7, 15, 31, 1, 3, 7, 13, 21, 1, 3, 7, 12, 19. முதல் மூன்று எண்களில் வேறுபாடே இல்லை. நான்காவதில் மூன்றும் மூன்று திசையில் பிரிகின்றன. தொடக்க எண்களின் ஒற்றுமையைக் கண்டு இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நிறுவலின் தேவை இங்கேதான் விளங்குகிறது; இப்னு முன்இமின் பத்து நிறங்களுக்கும் பாஸ்கலின் பொதுவாக்கியத்துக்கும் உள்ள இடைவெளியும் இங்கேதான் புலப்படுகிறது.

6

நமது பெருமைக் கட்டுரைகள் செய்யும் தவறும் ஏறத்தாழ இதே இனத்தைச் சேர்ந்ததே. பக்தாதின் அட்டவணையும், மர்ராகுஷின் குஞ்சங்களும், மேரு பிரஸ்தாரமும், பாஸ்கலின் நூலும் ஒரே எண்களைத் தருகின்றன என்பதைக் கண்டவுடன், ‘எல்லாம் ஒன்றே, ஆகவே முந்தியவருக்கே உரியது’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். எண்கள் ஒன்றே, வினாக்கள் வேறு. கரஜீ பெருக்கலை விரித்தார். இப்னு முன்இம் மொழியின் எல்லையைத் தேடினார். ஹலாயுதர் சந்தங்களை அடுக்கினார். பாஸ்கல் சூதாட்டப் பணயத்தைப் பங்கிட்டார். இந்த வேறுபாடுகளை அறியும்போதுதான் ஒவ்வொருவரது உழைப்பின் அளவும் தெரிகிறது. அதைத் துறந்துவிட்டு முதன்மையை மட்டும் கேட்பவர், தமது முன்னோரின் உழைப்பையும் சேர்த்தே துறந்துவிடுகிறார்.

முதன்மையின் பெருமை இன்னோர் ஏடு கிடைத்தால் நாளையே பறிபோகக்கூடியது. மகாவீரரின் நூலைத் திறந்ததும் இப்னுல் பன்னாவின் ‘முதல்’ போய்விட்டது. ஆனால் அவரது விதி போய்விடவில்லை. குஞ்சங்களை அடுக்கிய இப்னு முன்இமின் வாதமும் போய்விடவில்லை. விளங்கிக்கொண்டது நம்மிடமே இருக்கும்.

ஆகவே நமது மாணவரிடம் ‘பாஸ்கலுக்கு முன்பே நாம்’ என்று சொல்லுவதை நிறுத்திவிட்டு, பத்து நிற நூல்களைக் கொடுத்து, மூன்று நிறக் குஞ்சங்கள் எத்தனை என்று கேட்போம். 120 என்ற விடையை அவர்கள் தாமாகக் கண்டபின், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மர்ராகுஷில் ஒருவர் இதே வழியில் எண்ணினார் என்று பெயரோடு சொல்வோம். கரஜீயின் பெயரை ஸமவ்அல் சொன்னது போல. நான்கு தொழுகைக்குப் பதின்மூன்று என்ற கணக்கையும் பன்னிரண்டு என்ற கணக்கையும் அருகருகே வைப்போம். பொதுவான விடையை எவரும் இன்னும் காணவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்வோம். அவ்வினா அவர்களுள் ஒருவரையாவது இரவில் விழித்திருக்கச் செய்யுமானால், ‘ஃபிக்ஹுல் ஹிஸாப்’ என்ற பெயரின் பொருளை அந்த மாணவர் நம்மைவிட நன்கு அறிந்தவராகிவிடுவார்.